வாடகை ஒப்பந்தத்தை முறைப்படி பதிவு செய்வது எப்படி? தமிழ்நாட்டில் குடியிருப்பவருக்கான முழு வழிகாட்டி

முத்திரைத்தாளில் டைப் அடித்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, நோட்டரியிடம் ஒரு சீலும் வாங்கிவிட்டால் அக்ரிமென்ட் 'ரிஜிஸ்டர்' ஆகிவிட்டது என்று நம்புகிறவர்கள் நிறைய பேர். அது பதிவு இல்லை. கையெழுத்துப் போட்டவர் இன்னார்தான் என்பதற்கு நோட்டரி சாட்சி, அவ்வளவுதான். அட்வான்ஸ் திரும்பி வராமல் இழுபறி ஆகும்போதுதான் இந்த வித்தியாசம் புரிகிறது. அப்போது புரிந்து பெரிய பயன் இல்லை.

நண்பர்களுக்கும் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் இந்த வேலையில் கூட நின்று பார்த்ததில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. பதிவு தடைபடுவது இணையதளத்திலோ அலுவலகத்திலோ அல்ல. பெரும்பாலும் அட்வான்ஸ் கைமாறிய அன்றே அது தடைபட்டுவிடுகிறது. அன்று கேட்டிருக்க வேண்டியதைக் கேட்காமல் விட்டிருப்பார்கள். அதனால் கீழே சொல்லும் வரிசையை மாற்றாதீர்கள்.

1. உங்களுக்கு எந்தப் பதிவு தேவை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பதிவு என்று சொல்லப்படுவது இரண்டு வேறு விஷயங்கள்.

முதலாவது, வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு. தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2017 என்ற சட்டம் 22 பிப்ரவரி 2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. நகர்ப்புறத்தில் வீட்டை வாடகைக்கு விட்டால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அது வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்கிறது இந்தச் சட்டம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வருவாய்த்துறை அலுவலர்தான் வாடகை அதிகாரி. இந்தப் பதிவு ஆன்லைனில் நடக்கிறது.

இரண்டாவது, சார்பதிவாளர் அலுவலகத்தில் செய்யும் பதிவு. இது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி நடப்பது. ஒப்பந்தக் காலம் ஓராண்டுக்கு மேல் போனால் இது கட்டாயம். எல்லோரும் 11 மாதம் என்று எழுதுவதற்குக் காரணம் இதுதான்.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். "11 மாசம்தானே, பதிவு தேவையில்லை" என்று புரோக்கர் சொல்வார். சார்பதிவாளரைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவுக்கு 11 மாதக் கணக்கு பொருந்தாது. 11 மாத ஒப்பந்தமும் அங்கே பதிவாக வேண்டும். பதிவாகாத ஒப்பந்தத்தைச் சாட்சியமாக ஏற்கக் கூடாது என்று சட்டத்தின் 4-ஏ பிரிவு சொல்கிறது.

மாத வாடகை இல்லாமல் பெரிய தொகை கொடுத்துப் போக்கியத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லட்சக்கணக்கில் கொடுக்கிறீர்கள், வெறும் முத்திரைத்தாளோடு நிற்காதீர்கள். வில்லங்கம் பார்த்து, சார்பதிவாளர் அலுவலகத்திலேயே பதிவு செய்யுங்கள். அந்த வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்தால் உங்கள் பணத்துக்கு முன்னால் வங்கி நிற்கும்.

2. டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும் முன் மூன்று விஷயம் பேசிவிடுங்கள்

ஒன்று, "சார், ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்வோம், சரிதானே?" என்று நேராகக் கேளுங்கள். இரண்டு, அதற்கு ஓனருடைய பான், ஆதார் நகல் வேண்டும் என்று சொல்லுங்கள். மூன்று, முத்திரைத் தீர்வை, டைப்பிங் செலவு யாருடையது என்று பேசி முடியுங்கள்.

இதை முன்னாலேயே கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டுக்கு ஆள் பார்த்துக்கொண்டிருக்கும் ஓனர் பேசத் தயாராக இருப்பார். அட்வான்ஸ் முழுவதும் வாங்கி, நீங்கள் பால் காய்ச்சிக் குடிபுகுந்த பிறகு அவருக்கு எந்த அவசரமும் இல்லை. "அடுத்த வாரம் பார்க்கலாம்மா" என்பது அப்படியே மாதக்கணக்கில் நீளும்.

பான் கேட்டால் சில ஓனர்கள் முகம் சுளிப்பார்கள். பழைய வரிமுறையில் வீட்டு வாடகைப்படிக்கு விலக்குக் கேட்கும் சம்பளக்காரர், ஆண்டு வாடகை 1,00,000 ரூபாய்க்கு மேல் போனால் எப்படியும் ஓனரின் பானைக் கொடுத்தாக வேண்டும். மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால் 2% டிடிஎஸ், அதாவது வாடகையிலிருந்தே வருமான வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டும் கடமையும் குடியிருப்பவருக்கு உண்டு. இதை ஓனரிடம் பொறுமையாக விளக்குங்கள். வாடகை வங்கிக் கணக்கில்தான் போகிறது என்றால் பதிவால் புதிதாக வெளிவர எதுவும் இல்லை. வாடகை வருமானத்துக்கு வரி கணக்கிடும்போது பராமரிப்புக்கென்று 30% கழிவும் அவருக்குக் கிடைக்கிறது.

3. ஓனர் உண்மையிலேயே ஓனர்தானா என்று பாருங்கள்

கேட்கச் சங்கடமாக இருக்கும். ஆனாலும் கேளுங்கள். ஒப்பந்தத்தில் இருக்கும் பெயரும் சொத்து ஆவணத்தில் இருக்கும் பெயரும் வேறாக இருந்தால், பின்னால் யாரிடம் அட்வான்ஸ் கேட்பீர்கள்?

சொத்து வரி ரசீது, ஈபி பில் இரண்டும் போதுமான தொடக்கம். சந்தேகம் இருந்தால், பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வில்லங்கச் சான்றைக் கட்டணமில்லாமலே பார்க்கலாம். அதில் வீட்டின் கைமாற்றங்களும் அடமானமும் தெரியும்.

அடிக்கடி வரும் சிக்கல்கள் சில. கணவன், மனைவி இருவர் பெயரிலும் வீடு இருக்கும், ஒருவர் மட்டும் கையெழுத்துப் போடுவார். இருவரையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். ஓனர் வெளிநாட்டில் இருப்பார், தம்பியோ மாமனாரோ வாடகை வாங்குவார். அவரிடம் பவர் பத்திரம் இருக்கிறதா, அதில் வாடகைக்கு விடும் அதிகாரம் எழுதியிருக்கிறதா என்று பார்த்து ஒரு நகல் வாங்குங்கள். ஓனர் காலமாகி, ஈபி பில் மட்டும் பழைய பெயரிலேயே வந்துகொண்டிருக்கும். அப்போது வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும்.

இன்னொரு வகை, ஒரு குடியிருப்பவரே உள்வாடகைக்கு விடுவது. ஓனரின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் அப்படி விட முடியாது. அந்த வீட்டை விட்டுவிட்டு வேறு வீடு பாருங்கள்.

4. ஒப்பந்தத்தில் என்ன இருக்க வேண்டும்

டைப்பிங் கடையில் ஒரு மாதிரி வைத்திருப்பார்கள். பெயரையும் தொகையையும் மட்டும் மாற்றிக் கொடுப்பார்கள். அதை அப்படியே வாங்காதீர்கள். வாடகை அதிகாரியிடம் கொடுக்கும் விண்ணப்பத்தில் கேட்கும் விவரங்கள் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. ஒப்பந்தம் அதற்குப் பொருந்தி வந்தால்தான் பின்னால் திருத்த வேண்டிய வேலை வராது.

ஓனர், குடியிருப்பவர் இருவரின் பெயர், முகவரி, மொபைல், மின்னஞ்சல் வேண்டும். வீட்டின் விவரம் கதவு எண், தளம், தெரு, ஊர் என்று முழுமையாக இருக்க வேண்டும். "மாடி போர்ஷன்" என்று மட்டும் எழுதினால் போதாது. ஒரே கதவு எண்ணில் மூன்று போர்ஷன் இருக்கும் வீடுகள் நம் ஊரில் சாதாரணம். எந்தத் தளம், எந்தப் பக்கம், பார்க்கிங் உண்டா, மொட்டை மாடியைப் பயன்படுத்தலாமா என்பதெல்லாம் எழுத்தில் வரட்டும். சாவி கைக்கு வரும் தேதி, ஒப்பந்தக் காலம், மாத வாடகை, ஃபேன், கீசர், கப்போர்டு மாதிரி ஓனர் விட்டுவைத்திருக்கும் பொருட்கள், தண்ணீர், மின்சாரம், மெயின்டனன்ஸ் கட்டணங்கள் எல்லாம் அந்த விண்ணப்பத்தில் கேட்கப்படும்.

இவை தவிர, சண்டை வரும் இடங்கள் நான்கு. அவற்றில் நேரம் செலவிடுங்கள்.

அட்வான்ஸ். வேறு விதமாக உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்பது சட்டம். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. நீங்களே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அது 'வேறு உடன்பாடு' ஆகிவிடும் என்பதை மறக்காதீர்கள். கொடுத்த தொகை, எந்தத் தேதியில் எந்த வழியில் கொடுத்தது, காலி செய்தபின் ஒரு மாதத்துக்குள் திருப்பித் தருவது ஆகிய மூன்றும் ஒப்பந்தத்தில் வர வேண்டும்.

பெயின்டிங். காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயின்டிங்குக்கு என்று பிடித்துக்கொள்வார்கள். டைப்பிங் கடை மாதிரியிலேயே அந்த வரி இருக்கும். சட்டத்தின் இரண்டாம் அட்டவணையோ சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பது, குழாய் மாற்றுவது, வயரிங் வேலை ஆகியவற்றை ஓனர் பக்கம் வைக்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட், பூட்டு, கீசர் ரிப்பேர், கழிவுநீர் அடைப்பு நீக்குவது போன்றவை குடியிருப்பவர் பக்கம். அந்தப் பிடித்தம் வரியை அடிக்கச் சொல்லிக் கேளுங்கள். முடியாது என்றால் தொகைக்கு ஒரு வரம்பாவது போடச் சொல்லுங்கள்.

மின்சாரம். தனி ஈபி இணைப்பா, சப் மீட்டரா? தனி இணைப்பு என்றால் இணைப்பு எண்ணையும், குடிவரும் நாளில் மீட்டர் ரீடிங்கையும் எழுதுங்கள். சப் மீட்டர் என்றால் யூனிட்டுக்கு எவ்வளவு என்பதை எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

வாடகை உயர்வு, காலி செய்யும் நோட்டீஸ். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, எவ்வளவு சதவீதம் ஏற்றலாம்? யார் யாருக்கு எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும்? ஓனருக்கு ஒரு மாதம், உங்களுக்கு மூன்று மாதம் என்று வந்தால் இரண்டையும் சமமாக்கச் சொல்லுங்கள்.

5. முத்திரைத்தாள்

உரிமம் பெற்ற முத்திரைத்தாள் விற்பனையாளரிடம், ஓனர் அல்லது உங்கள் பெயரில் வாங்குங்கள். வாங்கிய தேதி, ஒப்பந்தத் தேதிக்கு முன்னாலோ அதே நாளிலோ இருக்க வேண்டும். ஒப்பந்தம் 1ஆம் தேதி, முத்திரைத்தாள் 6ஆம் தேதி என்றிருந்தால், பிறகு உருவாக்கிய ஆவணமோ என்ற சந்தேகத்துக்கு நீங்களே இடம் கொடுத்ததாகிவிடும். குடிவந்தது 1ஆம் தேதி, எழுதியது 6ஆம் தேதி என்றால் ஒப்பந்தத் தேதி 6 என்றே போட்டு, 'குடிவந்த தேதி 1' என்று உள்ளே குறிப்பிடுங்கள்.

30 ஆண்டுக்குக் குறைந்த குத்தகைக்கு (வீட்டு வாடகையும் இதில்தான் வரும்) தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 1%. வாடகை மொத்தமும் அட்வான்ஸும் சேர்த்து அதைக் கணக்கிடுவார்கள். மாதம் 15,000 ரூபாய், 11 மாதம், அட்வான்ஸ் 45,000 என்றால் மொத்தம் 2,10,000. தீர்வை 2,100 ரூபாய். கடையில் கிடைக்கும் சின்னத் தொகைத் தாளிலேயே எழுதி முடிப்பது பரவலான பழக்கம். தீர்வை குறைந்த ஆவணம் நீதிமன்றத்துக்குப் போனால், குறைந்த தொகையையும் அதற்கு மேல் பத்து மடங்கு வரை அபராதத்தையும் கட்டிய பிறகுதான் ஏற்பார்கள். இரண்டாயிரம் ரூபாயைச் சேமிக்கப் போய் அட்வான்ஸ் முழுவதையும் பணயம் வைக்க வேண்டாம்.

6. கையெழுத்து

இரண்டு அசல் தயார் செய்யுங்கள், ஒன்று ஓனருக்கு, ஒன்று உங்களுக்கு. ஒவ்வொரு பக்கத்திலும் இருவர் கையெழுத்தும், கடைசிப் பக்கத்தில் இரண்டு சாட்சிகளின் பெயர், முகவரி, கையெழுத்தும் வேண்டும். பேனாவால் ஏதாவது திருத்தினால் அந்த இடத்தில் இருவரும் சுருக்கொப்பம் போட வேண்டும்.

"அசல் என்கிட்ட இருக்கட்டும், ஜெராக்ஸ் எடுத்துக்கோங்க" என்று ஓனர் சொன்னால், இரண்டு பேரும் ஓர் அசல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டமே சொல்வதை மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். அதே உட்காரலில் ஓனரின் பான், ஆதார் நகல்களில் அவர் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள். அதற்காகத் தனியாக இன்னொரு நாள் போனால் வேலை நடக்காது. பதிவு விண்ணப்பத்திலும் இருவர் கையெழுத்து தேவைப்படும், அதையும் அன்றே அச்செடுத்துக் கொண்டுபோங்கள்.

7. காலம் ஓராண்டுக்கு மேல் என்றால்: சார்பதிவாளர் அலுவலகம்

11 மாத ஒப்பந்தம் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டி அடுத்ததற்குப் போகலாம்.

டிஎன்ரெஜிநெட்டில் கணக்குத் தொடங்கி, ஆவண விவரம் ஏற்றி, தீர்வையும் கட்டணமும் செலுத்தி, டோக்கன் எடுக்க வேண்டும். பதிவுக் கட்டணமும் 1%, உச்சம் 20,000 ரூபாய். மேலே சொன்ன அதே வீட்டுக்கு 24 மாதம் என்றால் மொத்தம் 4,05,000. தீர்வை 4,050, பதிவுக் கட்டணம் 4,050. டோக்கன் நாளில் ஓனர், நீங்கள், இரண்டு சாட்சிகள் எல்லோரும் அசல் அடையாள அட்டையோடு நேரில் வர வேண்டும். புகைப்படமும் கைரேகையும் எடுப்பார்கள்.

கையெழுத்தான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் ஆவணத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். வீடு எந்தச் சார்பதிவாளர் எல்லைக்குள் வருகிறதோ அங்கேதான் போக வேண்டும். வீட்டுக்கு அருகில் இருக்கும் அலுவலகம் உங்களுடையதாக இல்லாமல் போகலாம், தளத்தில் தெருப் பெயர் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

8. வாடகை அதிகாரியிடம் பதிவு

ஒப்பந்தம் கையெழுத்தான கையோடு இதைச் செய்யுங்கள். ஓனர்தான் செய்ய வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம், குடியிருப்பவரும் விண்ணப்பிக்கலாம். நீங்களே செய்வதுதான் நல்லது, விவரங்கள் சரியாக ஏறியதா என்பது உங்கள் கண்முன்னால் இருக்கும்.

தளம்: டெனன்சி டாட் டிஎன் டாட் ஜிஓவி டாட் இன். முகவரி அரசுத் தளத்துக்குரிய 'ஜிஓவி டாட் இன்' என்றே முடிகிறதா என்று பாருங்கள். ஒப்பந்தம் தயாரித்துத் தருவதாகச் சொல்லும் தனியார் தளங்களும் தேடலில் வரும். அங்கே கிடைப்பது டைப் அடித்த ஒப்பந்தம் மட்டும், அதை வைத்துப் பதிவு ஆனதாக நினைக்காதீர்கள்.

முதலில் கோப்புகளைத் தயார் செய்யுங்கள்: ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களும் (முத்திரைத்தாளின் பின்பக்கத்தில் விற்பனையாளர் சீல் இருந்தால் அதுவும்), இருவரின் பான், ஆதார் நகல்கள் சுயசான்றொப்பத்தோடு. மொபைலில் சாய்வாக எடுத்த படம் வேண்டாம், ஸ்கேன் செய்யும் செயலியில் எடுத்து எழுத்து தெளிவாகத் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள்.

அடுத்து மாவட்டம். இங்கே சென்னைப் புறநகர்க்காரர்கள் தவறு செய்கிறார்கள். தாம்பரம், பல்லாவரம் செங்கல்பட்டு மாவட்டம். ஆவடி திருவள்ளூர் மாவட்டம். அம்பத்தூர், சோழிங்கநல்லூர், மாதவரம் 2018 முதல் சென்னை மாவட்டத்தில் இருக்கின்றன. அஞ்சல் முகவரியில் 'சென்னை' என்று இருப்பதை வைத்து மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் விண்ணப்பம் தவறான அதிகாரியிடம் போய் நிற்கும். சொத்து வரி ரசீதில் எந்த மாநகராட்சி, நகராட்சி என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

விவரங்களை நிரப்பும்போது ஒப்பந்தத்தைப் பக்கத்தில் வைத்து, அதில் உள்ளபடியே ஏற்றுங்கள். ஆதாரில் தந்தை பெயர் முன்னெழுத்தாக, பானில் முழுப் பெயராக இருக்கலாம். ஒப்பந்தத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே விண்ணப்பத்திலும் போடுங்கள். வாடகையில் மெயின்டனன்ஸைச் சேர்த்து ஒரே தொகையாகப் போடாதீர்கள், அதற்குத் தனி இடம் இருக்கிறது. ஓனரின் மொபைல் எண்ணுக்குப் பதில் புரோக்கர் எண்ணைப் போடவே கூடாது.

சமர்ப்பித்ததும் வரும் விண்ணப்ப எண்ணைப் படம் எடுத்து வைத்து, ஓனருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். சரிபார்ப்பு முடிந்ததும் வருவதுதான் பதிவு எண். விண்ணப்ப எண்ணையே பதிவு எண் என்று எடுத்துக்கொண்டு பாதியில் விட்டவர்கள் உண்டு. அவ்வப்போது தளத்தில் நிலையைப் பாருங்கள், மின்னஞ்சலில் ஸ்பாம் பெட்டியையும் திறந்து பாருங்கள்.

திருப்பி அனுப்பினால் பதற வேண்டாம். பெரும்பாலும் மங்கலான நகல், விட்டுப்போன பக்கம், பொருந்தாத தொகை ஆகியவைதான் காரணம். கூறிய காரணத்தை மட்டும் சரிசெய்து மறுபடி ஏற்றுங்கள். ஒப்பந்தத்திலேயே பிழை என்றால் அசலில் ஒயிட்னர் தடவாதீர்கள். இருவரும் கையெழுத்திட்ட திருத்த ஒப்பந்தம் ஒன்று எழுதிச் சேருங்கள்.

9. ஓனர் தயங்கினால்

பல ஓனர்களுக்கு இரண்டு பயம். ஒன்று வரி, அதை மேலே பார்த்தோம். இன்னொன்று, பதிவு செய்துவிட்டால் குடியிருப்பவர் காலி செய்யவே மாட்டார் என்பது. வீட்டை இழந்துவிடுவோமோ என்று வயதானவர்கள் கவலைப்படுவதைக் குறை சொல்ல முடியாது. அதைப் போக்கும்படி பேசுங்கள்.

உண்மையில் பதிவான ஒப்பந்தம் அவருக்கும் அரண். காலம் எப்போது முடிகிறது, வாடகை எவ்வளவு என்பது அரசுப் பதிவில் இருக்கிறது. இரண்டு மாத வாடகை பாக்கி வந்தால் வாடகை நீதிமன்றத்தில் வீட்டைத் திரும்பக் கேட்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அங்கே அவர் நீட்ட வேண்டிய காகிதமும் இதே ஒப்பந்தம்தான். இதைச் சொல்லிக் காட்டிய பிறகு ஒத்துக்கொண்ட ஓனர்கள் பலர்.

அப்படியும் இழுத்தால், வாய்வார்த்தையாக மட்டும் கேட்காமல் வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ பணிவாக ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் பதிவுக்கு முயன்றதற்கு அது சான்றாக இருக்கும். கையில் இருக்கும் ஆவணங்களோடு உங்கள் பகுதி வாடகை அதிகாரி அலுவலகத்துக்கு நேரில் போய் எழுத்தில் கொடுத்து, பெற்றதற்கு ஒப்புகை வாங்குங்கள்.

10. பதிவு எண் வந்த பிறகு

எண்ணை உங்கள் அசல் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைத்து, எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மின்னஞ்சலிலும் ஒரு பிரதி போட்டுவிடுங்கள். பாஸ்போர்ட்டுக்கு முகவரிச் சான்றாகப் பதிவான வாடகை ஒப்பந்தத்தைத்தான் கேட்பார்கள், அங்கே நோட்டரி சீல் வைத்தது போதாது.

வாடகையை வங்கி வழியாகவே கொடுங்கள், குறிப்பில் எந்த மாத வாடகை என்று எழுதுங்கள். கையில் வாங்கும் ஓனர் என்றால் மாதாமாதம் ரசீது கேளுங்கள். வீட்டைப் பார்க்க ஓனர் உள்ளே வர வேண்டுமானால் 24 மணி நேரம் முன்னதாகச் சொல்ல வேண்டும். தகராறு வந்தாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ அவர் நிறுத்தக் கூடாது. அப்படிச் செய்தால் வாடகை அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம்.

வாடகை ஏறினாலோ, 11 மாதம் முடிந்து புதுப்பித்தாலோ புது ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். பழைய பதிவு எண் புதுக் காலத்தைத் தாங்காது. காலம் முடிவதற்கு ஒரு மாதம் முன்பே மொபைலில் நினைவூட்டல் வைத்து, ஓனரிடம் பேச்சை ஆரம்பித்துவிடுங்கள்.

காலி செய்யும் நாளில் ஈபி ரீடிங்கைப் படம் எடுங்கள். ஒவ்வோர் அறையையும் வீடியோ எடுங்கள். சாவியைக் கொடுக்கும்போது, "இன்ன தேதியில் வீடும் சாவியும் பெற்றுக்கொண்டேன், திருப்பித் தர வேண்டிய அட்வான்ஸ் இவ்வளவு" என்று உங்கள் அசல் ஒப்பந்தத்தின் பின்புறம் எழுதி ஓனரிடம் கையெழுத்து வாங்குங்கள். அட்வான்ஸ் திரும்புவதற்கான ஒரு மாதக் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும்.